நாற்காலிக்காரியைக் கேட்ட கோர்ட்டு

ஊருக்கெல்லாம் உட்கார இடம் கொடுத்தவள் அவள். வாடகை நாற்காலிக் கடை அவளுடையது. பிளாஸ்டிக் நாற்காலி, மடக்கு நாற்காலி, நீள மேசை, மேடையில் போட வெல்வெட் வைத்த பெரிய நாற்காலி, எது வேண்டுமென்றாலும் அவளிடம்தான் வரவேண்டும். யார் வீட்டில் நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் உறவுக்காரர்களுக்குச் சொல்வதற்கு முன்னால் அவளுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். நாற்காலிக்காரி என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

கடை என்றால் பெரிய கண்ணாடிக் கதவெல்லாம் இல்லை. தெருவின் கடைசியில் தகரக் கூரை போட்ட ஒரு குடோன். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நாற்காலிகள் கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். கழுவிவிட்ட ஈரமும் பிளாஸ்டிக் வாசனையும் எப்போதும் இருக்கும். வேன் ஓட்டுவது அவள் தம்பி. நாற்காலி கழுவுவதும் அடையாளத்துக்கு அதன் முதுகில் சிவப்புப் பொட்டு வைப்பதும் புருஷன் வேலை. போனை எடுத்து ஆர்டர் பிடிப்பது மாமியார். மாமியாருக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் ஒரு ஆர்டரையும் மறந்தது கிடையாது.

வம்பு வந்தது மண்டபக்காரரால். பக்கத்துத் தெருவில் பெரிய மண்டபம் வைத்திருந்தவர் அவர். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன், போகிற இடமெல்லாம் நாலு பேர் எழுந்து கும்பிடு போடுவார்கள். எடுத்துப்போகிற நாற்காலியை எல்லாம் கால் உடைத்துத்தான் திருப்பி அனுப்புவார். ஒரு மத்தியானம் அவரே நேரில் வந்து மறுபடி நாற்காலி கேட்டார். அவள் இல்லை என்றாள்.

"இல்லையா, தரமாட்டியா?" என்று கேட்டார்.

"தரமாட்டேன். முதல்ல உடைச்சதுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவர் வார்த்தை சொல்லவில்லை. சுவரில் சாய்த்திருந்த பந்தல் குழாயை எடுத்தார். முதல் அடி முட்டியில். விழுந்தவளுக்கு அடுத்த அடி தோளில். டீ வாங்கிக்கொண்டு வந்த புருஷன் வாசலில் நின்று போட்ட கூச்சலில்தான் தெருவே கூடியது. மண்டபக்காரர் குழாயைக் கீழே போட்டார். கையைத் தட்டிக்கொண்டார். காய்கறி பேரம் படியாமல் போனவர் மாதிரி நிதானமாக நடந்து போனார். அந்த நடைதான் அவளுக்கு அடியைவிட அதிகம் வலித்தது.

போலீஸ் பிடித்தது, கோர்ட்டு ஜாமீனில் விட்டது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டு விட்டது: வழக்கு முடிகிறவரை அந்தத் தெருவில் அவர் கால் வைக்கக் கூடாது. அந்த நிபந்தனையை நம்பித்தான் அவள் முட்டியில் கட்டோடு மறுபடி கடை திறந்தாள். திறந்தாளே தவிர பழைய ஆளாக இல்லை. வாசலுக்கு முதுகு காட்டி நிற்கமாட்டாள். குழாயும் குழாயும் மோதுகிற சத்தம் கேட்டால் கையில் இருப்பது கீழே விழுந்துவிடும். தம்பி குழாய்களுக்கெல்லாம் பழைய துணி சுற்றி வைத்தான்.

அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா? ஆளுக்கு ஆள் புத்தி சொல்ல வந்தார்கள். பெரிய மனுஷரோடு எதற்கு மல்லுக்கட்டு, ஏதோ கோபத்தில் நடந்துவிட்டது, சமாதானமாகப் போ என்றார்கள். புருஷனுக்கும் மனசுக்குள் அதேதான்.

"விட்டுடலாமே" என்றார் அவர், நாற்காலியைத் தேய்த்துக்கொண்டே.

"உங்க முட்டியா இருந்தா விடுங்க" என்றாள் அவள்.

மாமியார் போனைக் கையால் மூடிக்கொண்டு, "அவனுக்கு அடி வாங்கிப் பழக்கமில்லை, அதான் விடச் சொல்றான். நீ போம்மா கோர்ட்டுக்கு" என்றாள். பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படிச் சொல்கிற மாமியார் எத்தனை பேருக்குக் கிடைப்பாள்?

கோர்ட்டுக்குப் போனாள். அங்கேதான் அவளுக்கு ஒரு விஷயம் புரிந்தது. அடித்தவருக்கு அங்கே இடம் இருந்தது, அடிபட்டவளுக்கு இல்லை. நீள வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சு. அதில் மண்டபக்காரர் நடுவில் உட்கார்ந்திருப்பார், இரண்டு பக்கமும் அவருடைய ஆட்கள். எதிர்ச் சுவரோரம் அவள் ஒற்றைக் காலில் பாரம் போட்டு நிற்பாள். அவர்களுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற அகலம்கூடக் கிடையாது. அவர் இருமினால் இவளுக்கு முதுகு சிலிர்க்கும்.

அரசு வக்கீலிடம் போய்க் கேட்டாள். நல்ல மனிதர்தான், ஆனால் சாட்சிகளும் போலீஸ்காரர்களும் அவரை ஈ மொய்க்கிற மாதிரி மொய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, எனக்கு என்ன நடக்குதுன்னு ஒண்ணும் தெரியலையே."

"வழக்கு அரசாங்கம் நடத்துதும்மா. நீங்க சாட்சி. கூப்பிடும்போது வந்தா போதும்."

"அடி விழுந்தது என் முட்டியிலங்க. அரசாங்கம் முட்டியில இல்லை."

வக்கீல் சிரித்துவிட்டுப் போய்விட்டார். வாய்தா போட்டார்கள். மறுபடி வாய்தா. ஒவ்வொரு தடவையும் அவள் காலை முழுக்க நின்று, உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாமலே வீட்டுக்கு வந்தாள். "ஊர் முழுக்க உட்கார வைக்கிறவ கோர்ட்டுல நின்னுட்டு வர்றா" என்று மாமியார் ஒருநாள் சொன்னாள். சொன்னது அவளைத் தைத்துவிட்டது.

அடுத்த வாய்தாவுக்கு ஒரு மடக்கு நாற்காலியை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனாள். வராந்தாவில், மண்டபக்காரர் பெஞ்சுக்கு நேர் எதிரே, அதை விரித்துப் போட்டாள். போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

ஏன் நின்றாள் என்றால், அந்தத் தொழிலில் அப்படி ஒரு கட்டுப்பாடு. வாடகை நாற்காலியில் கடைக்காரர் உட்காரக் கூடாது. வேலைக்குப் போன இடத்தில் கால் கழன்று விழுந்தாலும் சரி, படிக்கட்டில் உட்காரலாம், வேனில் உட்காரலாம், தரையில்கூட உட்காரலாம், நாற்காலி மட்டும் வருகிறவர்களுக்கு. அவள் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். அன்றைக்கும் பழக்கம் அவளை உட்கார விடவில்லை.

காக்கி உடுப்பில், குறுக்கே சிவப்புப் பட்டை போட்டுக்கொண்டு, பெயர் கூப்பிடுகிற டவாலி வந்தார்.

"என்னம்மா இது, கோர்ட்டுக்குள்ள நாற்காலி? எடு எடு."

"உட்கார இடமில்லைங்க."

"இடமில்லைன்னு கொண்டு வந்துட்டு நின்னுட்டு இருக்கியே? நாற்காலிக்குக் காவலா?"

பெஞ்சில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். மண்டபக்காரர் சிரிக்கவில்லை, உதட்டை மட்டும் ஒரு பக்கம் கோணினார். அந்தக் கோணலைப் பார்த்ததும் அவள் அப்பா காலத்துக் கட்டுப்பாட்டை அப்படியே தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள். முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் கைப்பிடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டவாலி என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் அவர், "நீதிபதி அம்மா பார்த்தா என் தலை போகும்" என்று முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

அதற்கடுத்த வாய்தாவுக்கு இரண்டு நாற்காலி கொண்டு போனாள். ஏனென்றால் முதல் நாளே பார்த்துவைத்திருந்தாள், தூணோரம் ஒரு பஸ் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். காக்கிச் சட்டையை வேலைக்கு முன்னாலேயே போட்டுக்கொண்டு வந்து நிற்பார். அவர் மனைவியை ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. அந்தக் கார்க்காரனும் அதே பெஞ்சில்தான் உட்காருவான்.

"உட்காருங்கண்ணே" என்றாள்.

"வேணாம்மா, நாள் பூரா உட்கார்ந்துதானே வண்டி ஓட்டுறேன்."

"அங்க உட்கார்றது வேற. இங்க உட்காருங்க."

உட்கார்ந்தார். பிறகு அவர்தான் மெதுவாகச் சொன்னார். அவருடைய சங்கத்து வக்கீல் ஒருவர் சொன்னாராம், சட்டம் மாறிப் பல வருஷம் ஆகிறதாம். அடித்தவனுக்கு ஏதாவது சலுகை கொடுப்பதற்கு முன்னால் அடிபட்டவரைக் கேட்டே ஆகவேண்டுமாம். ஜாமீன், நிபந்தனை, தண்டனை எதுவாக இருந்தாலும் சரி, கேட்காமல் முடிக்கக் கூடாதாம்.

"அப்புறம் ஏன் நம்மளக் கேட்கலை?"

"கேளுங்கன்னு நாம கேட்கலையே. உள்ள இருக்கறவங்களுக்கு வேலை சீக்கிரம் முடியணும். வெளிய நிக்கறவங்களுக்கு விஷயமே தெரியாது."

"நீங்க கேட்டீங்களா அண்ணே?"

அவர் தொப்பியைக் கையில் சுற்றினார். "உள்ள போய் வாயத் திறக்கறதுக்குத் தைரியம் வரலைம்மா. சாட்சி சும்மா இருன்னு சொல்லிட்டா, என் பொண்டாட்டி செத்ததுக்கே அர்த்தம் இல்லாமப் போயிடும்னு பயம்."

அன்றைக்குத்தான் அவளுக்கு இன்னொரு செய்தியும் கிடைத்தது. மண்டபக்காரர் மனுப் போட்டிருக்கிறார். தொழில் பாதிக்கிறது, அந்தத் தெரு வழியாகத்தான் போகவேண்டியிருக்கிறது, நிபந்தனையை நீக்குங்கள் என்று. அடுத்த வாய்தாவில் முடிவு. அவர் தெருவுக்குள் வந்துவிட்டால் கடை அவ்வளவுதான். வாசலைப் பார்த்தபடி ஒரு மனுஷி எத்தனை காலம் வேலை செய்வாள்?

வீட்டில் யாரிடமும் அழுது புலம்பவில்லை. வாய்தாவுக்கு முந்தின நாள் தம்பியைக் கூப்பிட்டு, "நாளைக்குக் கோர்ட்டுக்கு நாலு நாற்காலி கொண்டு வாடா" என்று மட்டும் சொன்னாள். அதற்குள் ரொட்டிக்கடை அம்மாவும் அவர் மகளும் அந்தப் பக்கம் வந்து நிற்க ஆரம்பித்திருந்தார்கள். கடையில் ஒருவன் கத்தியைக் காட்டிக் கொள்ளையடித்த வழக்கு அவர்களுடையது. அவர்களுக்கு இரண்டு, பஸ் டிரைவருக்கு ஒன்று, தனக்கு ஒன்று. கணக்குச் சரிதான். தம்பி ஒரு வாடகை நாற்காலிக்காரன் என்பதைத்தான் அவள் மறந்துவிட்டாள்.

அந்த வீட்டு ஆட்கள் சொன்ன கணக்குக்கு நாற்காலி கொண்டுபோனதாகச் சரித்திரம் இல்லை. எந்த விழாவாக இருந்தாலும் ஆள் சொன்னதைவிட அதிகமாகத்தான் வரும், நாற்காலி பற்றாமல் போனால் கடைக்குத்தான் கெட்ட பேர். அதனால் எப்போதும் வேன் நிறைய ஏற்றிவிடுவார்கள். தம்பி கோர்ட்டு வாசலில் வேனை நிறுத்தினான். வராந்தாவை எட்டிப் பார்த்தான். ஜனங்கள் சுவரோரமெல்லாம் நின்றுகொண்டிருந்தார்கள். அவ்வளவுதான். அக்கா மருந்து வாங்கக் கடைப் பக்கம் போயிருந்த நேரத்தில் அடுக்கு அடுக்காக இறக்கிவிட்டான். வரிசை வரிசையாகப் போட்டான். நடுவில் வழி விட்டான். எல்லா நாற்காலியும் கோர்ட்டுக் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தன. முன்வரிசைக்கு முன்னால், மேடை மாதிரி, வெல்வெட் நாற்காலியையும் வைத்துத் துணியால் துடைத்துவிட்டான்.

அவள் திரும்பி வந்தபோது வராந்தாவில் நின்றுகொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் காலி. மண்டபக்காரர் தன் ஆட்களோடு மீட்டிங்குக்கு அழைக்காமல் வந்தவர் மாதிரி ஓரமாக இருந்தார்.

"டேய், நாலு சொன்னேனேடா" என்றாள் அவள்.

"நாலுதான் சொன்ன. ஆள் எவ்வளவு இருக்குன்னு பாரு."

டவாலி ஓடி வந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "ஐயோ, யாரு பார்த்த வேலை இது? அம்மா வர்ற நேரம்."

அவர் சொல்லி வாயை மூடவில்லை, நீதிபதி வந்துவிட்டார். கறுப்புக் கோட்டு, கண்ணாடி, வேகமான நடை. வராந்தாவில் கால் வைத்தவர் நடுவழியில் அப்படியே நின்றார். உட்கார்ந்திருந்த கூட்டம் முழுவதும் ஒன்றாக எழுந்தது. நாற்காலிகள் தரையில் கிறீச்சிட்டன.

அந்த நேரத்தில்தான் தம்பி, பழக்கதோஷத்தில், யாரும் தடுப்பதற்குள் முன்னால் போய்விட்டான். தலைமை தாங்க வருகிறவரை வரவேற்கிற மாதிரி வெல்வெட் நாற்காலியை நோக்கிக் கையை நீட்டி, "வாங்கம்மா, உட்காருங்க" என்றான்.

டவாலி கண்ணை மூடிக்கொண்டார்.

நீதிபதி அந்த நாற்காலியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "எனக்கு உள்ள ஒண்ணு போட்டிருக்காங்கப்பா" என்றார். பிறகு வரிசைகளைப் பார்த்தார். "இங்க என்ன விழா?"

டவாலி முந்திக்கொண்டார். "ஒண்ணுமில்லைங்கம்மா, இவங்கெல்லாம் சாட்சிங்க. இதோ எடுக்கச் சொல்லிடறேன்."

நாற்காலிக்காரி முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தாள். "சாட்சி மட்டும் இல்லைங்கம்மா. அடி வாங்கினவ நான். இவர் பொண்டாட்டியப் பறிகொடுத்தவர். இவங்க கடையக் கொள்ளை கொடுத்தவங்க. எங்களுக்கு இங்க நிக்கத்தான் இடம் இருந்தது. அதான் நாற்காலி."

நீதிபதி பெஞ்சையும் பார்த்தார், அதில் இருந்தவர்களையும் பார்த்தார். "நாற்காலி இருக்கட்டும்" என்று டவாலியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இருக்கட்டும் என்று சொல்லிவிட்டால் ஜெயித்தாகிவிடுமா? இல்லை. மனு இன்னும் உள்ளே இருந்தது. மண்டபக்காரர் பெயரைக் கூப்பிட்டார்கள். அவருடைய வக்கீல் எழுந்து மழை கொட்டுகிற மாதிரி பேசினார். கௌரவமான மனிதர், தொழில் நஷ்டம், சின்னத் தகராறு. அரசு வக்கீல் எழுந்து, "அரசுத் தரப்பில் பெரிதாக ஆட்சேபணை இல்லை" என்று ஆரம்பித்தார்.

அவள் கதவோரம் நின்றிருந்தாள். பஸ் டிரைவர் பின்னாலிருந்து, "இப்ப விட்டா போச்சும்மா" என்றார்.

அவள் கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தூக்குகிற மாதிரி.

"அம்மா, என்னைக் கேட்காம முடிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்காம். என்னைக் கேளுங்க."

மண்டபக்காரரின் வக்கீல் சிரித்தார். "அம்மணி, இது உங்க கடை இல்லை."

"தெரியுதுங்க. என் கடையில இவ்வளவு நேரம் பேசினா ஒருத்தராவது என்னையும் என்னன்னு கேட்பாங்க."

கோர்ட்டுக்குள் சிரிப்பு எழுந்தது. நீதிபதி சிரிக்கவில்லை. அரசு வக்கீலைப் பார்த்து, "இவங்கள நீங்க கேட்டீங்களா?" என்றார். வக்கீல் தலையைச் சொறிந்தார், இல்லை என்றார். நல்ல மனிதர் என்று முன்னமே சொன்னேனே, பொய் சொல்லவில்லை. "அவங்க சொல்றது சரிதாங்கம்மா. கேட்டிருக்கணும்" என்றும் சேர்த்துச் சொன்னார்.

"முன்னால வாங்க" என்றார் நீதிபதி.

முன்னால் போனாள். அலங்காரமாகப் பேச அவளுக்கு வரவில்லை. வாசலுக்கு முதுகு காட்ட முடியாமல் போனதைச் சொன்னாள். குழாய்க்குத் துணி சுற்றியதைச் சொன்னாள். மண்டபத்துக்குப் போக வேறு இரண்டு தெரு இருக்கிறது, வேனில் நாற்காலி கொண்டுபோனவள் நான், எனக்குத் தெரியும் என்று சொன்னாள். "அவரு தொழில் செய்யட்டும். நானும் செய்யணும். எனக்கு அந்தத் தெரு ஒண்ணுதான் இருக்கு."

மனு தள்ளுபடி ஆனது. வழக்கு முடிகிறவரை மண்டபக்காரர் அந்தத் தெருவில் கால் வைக்கக் கூடாது. அதோடு நிற்கவில்லை. அன்றைக்கு வந்த ஒவ்வொரு வழக்கிலும் நீதிபதி முதலில் ஒரே கேள்வி கேட்டார்: பாதிக்கப்பட்டவர்கள் வந்திருக்கிறார்களா, அவர்களைக் கேட்டீர்களா? பஸ் டிரைவர் உள்ளே போய்த் தன் மனைவியைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார். வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். நாற்காலிக்காரி அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள்.

செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? பேப்பரில் வராந்தாவின் படம் வந்தது. சங்கத்துக்காரர்கள், ஆஸ்பத்திரி நர்சுகள், டீச்சர்கள் என்று ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டு, அடிபட்டவர்களுக்குக் கோர்ட்டில் தனி இடம் வேண்டும் என்று கேட்டார்கள். பழைய சாமான் போட்டிருந்த ஒரு அறையைக் காலிசெய்து வெள்ளையடித்தார்கள். தனி வாசல், தண்ணீர், கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள். வாய்தா எப்போது, உள்ளே என்ன நடந்தது என்று போன் போட்டுச் சொல்ல ஒரு அம்மாவையும் நியமித்தார்கள். யாருக்காவது பேசப் பயமாக இருந்தால் அந்த அம்மா கூடவே நின்றார்.

திறப்பு விழாவுக்குக் கோர்ட்டிலிருந்தே நாற்காலிக்கு ஆர்டர் வந்தது. மாமியார் போனை வைத்துவிட்டு, "ஐம்பதுன்னு சொல்றாங்க. நீ இருக்கறதெல்லாம் ஏத்து" என்றாள் தம்பியிடம். அவள் சொன்னது சரியாகப் போயிற்று. சமாதானமாகப் போ என்று புத்தி சொன்ன தெருக்காரர்கள் கடையை மூடிவிட்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். "நாங்க அப்பவே சொன்னோம், இவ விடமாட்டான்னு" என்றார் ஒருவர். புருஷன் அதைக் கேட்டு, "நானும்தான் சொன்னேன்" என்றார். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் நாற்காலி வரிசையைச் சரிசெய்யப் போய்விட்டார்.

வழக்கும் ஒரு நாள் முடிவுக்கு வந்தது. மண்டபக்காரர் குற்றவாளி என்று தீர்ப்பானது, ஜெயிலுக்கும் போனார். அதைத்தான் பேப்பரில் பெரிய எழுத்தில் போட்டார்கள். அவளுக்குப் பெரிதாகப் பட்டது அதற்கு முந்தைய அரைமணி நேரம்தான். தண்டனை சொல்வதற்கு முன்னால் நீதிபதி இரண்டு வக்கீல்களையும் உட்காரச் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். கோர்ட்டு நிறைய ஆள். மண்டபக்காரர் கூண்டில் நின்றுகொண்டிருந்தார். அவள் அவருக்கு முதுகைக் காட்டியபடி நின்று பேசினாள். பேசிக்கொண்டிருக்கும்போது அது அவளுக்குத் தோன்றவேயில்லை, தம்பிதான் பிறகு சொன்னான்.

நடுவில் எதிர்த்தரப்பு வக்கீல் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

"சொல்லி முடிச்சிட்டீங்களா?" என்று நீதிபதி அவளிடம் கேட்டார்.

"இல்லைங்கம்மா, இன்னும் இருக்கு."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "சொல்லுங்க."

கோர்ட்டு காத்திருந்தது. அவள் சொன்னாள்.